கழுத்துக் கறுப்பு

ஜூன் 2, திங்கள்

இன்று பள்ளி திறந்தது. தர்னிஷ் பத்தாம் வகுப்பு. மைதா கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் என் வீட்டுக்காரருக்கு ஒரு டைரி கொடுப்பார்கள். வருஷா வருஷம் அது எங்கள் பேக்கரி கல்லாவுக்கு அடியில் கிடந்து கடைசியில் கிழிபட்டு, பப்ஸ் வைத்துக் கொடுக்கப் போய்விடும். இந்தத் தடவை நான் மாடியில் இருக்கிற வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பையனுக்குப் பரீட்சை வருஷம் என்றால் எனக்கும்தான். எந்த மிஸ் என்ன சொன்னார், அவன் என்ன படித்தான் என்று எழுதிவைத்தால் உதவும்.

பத்தாவதுக்கு பி.டி. பீரியட் கிடையாது, அந்த நேரத்திலும் கணக்குதான் என்று பள்ளி குரூப்பில் செய்தி போட்டிருந்தார்கள். எனக்கு நிம்மதி. போன வருஷம் ஒரு நாள் கிரவுண்டில் நின்றுவிட்டுக் கறுத்துப்போய் வந்தான். ஒரு வாரம் முகத்துக்குத் தயிர் போட்டேன். எப்படியும் அவன் விளையாட்டுப் பையன் இல்லை. தெருவில் இருக்கிறதுகளைப் போல முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வருவது, சுவர் ஏறுவது எதுவும் கிடையாது. உட்காரவைத்த இடத்தில் இருப்பான். இப்படி ஒரு பிள்ளையை எப்படி வளர்த்தீர்கள் என்று அவனுடைய எல்.கே.ஜி. மிஸ்ஸே என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

காலையில் புத்தகப் பையை நான்தான் வேன் வரைக்கும் தூக்கிப் போனேன். அத்தனை கனம். சாயங்காலம் வந்தவன் மாடிப்படியில் பாதியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே வந்து பார்க்கக் கூடாதா என்றால் சிரிக்கிறான். தினமும் அதே படியில்தான் அவனுக்குப் போன் ஞாபகம் வரும்.

ஜூன் 7, சனி

எண்ணெய்க் குளியல். இந்தக் கழுத்தை நினைத்தால்தான் எரிச்சலாக வருகிறது. பின்கழுத்தில் ஒரு கை அகலத்துக்குக் கறுப்பு. முகம் மாநிறம், கை மாநிறம், கழுத்து மட்டும் விறகடுப்புச் சுவர் மாதிரி. கடலைமாவையும் தயிரையும் குழைத்துப் போட்டு, காயவிட்டுத் தேய்த்தேன். மாவுதான் உதிர்ந்தது.

"ஏஞ்சாமி, தெனம் குளிக்கறப்ப கழுத்துக்கு சோப்புப் போடறியா இல்லியா?"

"போடறம்மா."

"போட்டா இப்படியா இருக்கும்? ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா என்னையத்தான் பேசுவாங்க. பையன வெச்சிருக்கற லட்சணத்தப் பாருன்னு."

அவன் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டான். பதினைந்து வயதுப் பையனை அம்மா குளிப்பாட்டுவதா என்று யாராவது கேட்கலாம். முதுகுக்கும் கழுத்துக்கும் மட்டும்தான். அவனுக்குக் கை பின்னால் எட்டுவதில்லை.

ஜூன் 14, சனி

இவருடைய அக்கா வசந்தாமணி மகளோடு பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம் பரிமளா, பையன் என்ன இப்படி ஊதிட்டான்?"

"ஊதலீங்க நங்கையா. பூசுனாப்ல இருக்கறான். வயசுப் பையன் அப்படித்தான் இருப்பான்."

"பூசுனாப்லயா? மாடி ஏறி வர்றதுக்குள்ள இந்த இரைப்பு இரைக்குது. எம்பொண்ணப் பாரு, தெனம் கபடி ஆடிப்போட்டு வந்து நாலு தோசை திங்கறா, ஒடம்புல நிக்கறதில்ல."

அந்தப் பெண்ணையும் பார்த்தேன். வெயிலில் கன்றிப்போய், தோளெல்லாம் ஆம்பளைப் பிள்ளை மாதிரி. இவர்களுக்கு என் பையன் கண்ணில் படுகிறான். சோற்றுக்குக் குறைவில்லாத வீட்டில் பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் நாலு பேருக்கு வயிறு எரியத்தான் செய்யும். அவர்கள் பஸ் ஏறினதும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடியே வரவில்லை. அத்தனை கண்.

ஜூன் 30, திங்கள்

மாதத் தேர்வில் கணக்கு 91. கடைப் பையன்கள் எல்லோருக்கும் தேங்காய் பன் கொடுத்தேன். தர்னிஷுக்குத் தேன் கேக்.

ஜூலை 5, சனி

கடலைமாவு, எலுமிச்சம்பழம், பச்சைப் பயறு எல்லாம் பார்த்தாகிவிட்டது. இன்று பீர்க்கங்காய் நாரை எடுத்தேன். கோபத்தில் கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. இரண்டு இடத்தில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. எண்ணெய் பட்டு எரிந்திருக்கும், அவன் வாயே திறக்கவில்லை. தலையைத் துவட்டும்போது மட்டும் சொன்னான்.

"நான் அழுக்காயில்லம்மா."

சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு போனான். இப்போதெல்லாம் எப்போதும் அதைப் போட்டுக்கொள்கிறான். டீசென்டாகத்தான் இருக்கிறது.

ஜூலை 12, சனி

பெற்றோர் கூட்டம். இவர் கடையை விட்டு வர முடியாது, நான் மட்டும் போனேன். மிஸ் சொன்னார்கள், மார்க் நல்லா வருது, ஆனா மதியத்துக்கு மேல தூங்கி விழறான், அடிக்கடி பாத்ரூம் போகணும்னு கேக்கறான், நான் விடறதில்லைங்க என்று. கண்டிப்பான மிஸ் கிடைத்திருக்கிறார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

வாசலில் பி.டி. சார் உட்கார்ந்திருந்தார். இந்த வருஷம் அவர் வேன் இன்சார்ஜ். விசில் மட்டும் கழுத்தில் இருக்கிறது, அதை வேன் பின்னால் எடுக்கும்போது ஊதுகிறார். அவருக்கும் தொப்பை போட்டுவிட்டது.

"மேடம், உங்க பையன ஒருக்கா கிரவுண்டச் சுத்தி நடடான்னேன். பாதியில ஒக்காந்துக்கிட்டான். சித்தெ வெளையாட விடுங்க."

"எங்கீங்க சார் விடறது?"

அவர் திரும்பிக் கிரவுண்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மஞ்சள் மஞ்சளாக வேன்கள் நின்றன.

"அதும் வாஸ்தவந்தானுங்க" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

ஜூலை 19, சனி

நாத்தனார் கண் விலகிவிட்டது. தர்னிஷ் கொஞ்சம் மெலிந்திருக்கிறான், பேன்ட் இடுப்பில் தளர்கிறது. தண்ணீரும் நன்றாகக் குடிக்கிறான். முன்பெல்லாம் கொடுத்து அனுப்புகிற பாட்டில் அப்படியே திரும்பி வரும். இப்போது இரண்டு பாட்டில் கேட்கிறான். தொடையில் ஒரு கொப்புளம். சூட்டுக் கொப்புளம்தான், சந்தனம் தடவினேன்.

ஜூலை 24, வியாழன்

கொப்புளம் சீழ் வைத்துவிட்டது. பக்கத்து கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்தார்கள். மெஷினைத் தட்டிவிட்டு மறுபடி குத்தினார்கள். மூன்றாவது தடவை அந்த டாக்டர் மெஷினைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். ஈரோட்டில் ஒரு டாக்டரம்மா பெயரை எழுதிக் கொடுத்து, நாளை கழித்து இல்லை, நாளைக்கே போங்க என்றார். மெஷின் பழசு. அதைத்தான் இவரிடமும் சொன்னேன்.

ஜூலை 25, வெள்ளி

மெஷின் பழசில்லை.

ஜூலை 26, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

டாக்டரம்மா என் வயதுதான் இருப்பார்கள். ரிப்போர்ட்டை மேசையில் வைத்தேன், அதைத் தொடவே இல்லை. தர்னிஷைப் பக்கத்தில் கூப்பிட்டு, மேல் பட்டனைக் கழற்றி, காலரை இறக்கிப் பார்த்தார்கள்.

"இதென்ன காயம்?"

"தேச்சனுங்க மேடம். அழுக்குப் போகவே மாட்டீங்குது."

"எத்தன நாளா தேக்கறீங்க?"

"ஆறாவதுல இருந்துங்க."

அவர்கள் காலரைத் திரும்ப ஏற்றிவிட்டு, அவன் பட்டனைத் தாங்களே போட்டுவிட்டார்கள். பிறகுதான் பேசினார்கள்.

"இது அழுக்கில்லீங்கம்மா. ஒடம்புல இன்சுலின் சுரந்தும் அதால வேல செய்ய முடியாமத் தவிச்சா, தோல் இப்படிக் கறுத்துத் தடிக்கும். சோப்புல போறதில்ல. நாலு வருஷமா ஒடம்பு உங்ககிட்ட சொல்லிட்டிருக்குது."

நாலு வருஷமாக நான் அதைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

சர்க்கரை. பெரியவர்களுக்கு வருகிற அதே சர்க்கரை. இவருடைய அப்பாவுக்கு அறுபது வயதில் வந்தது என் பையனுக்குப் பதினைந்தில் வந்திருக்கிறது. ரத்தம் மாறிப்போயிருக்குமோ என்று கேட்டேன். இல்லை என்றார்கள். அவனை எழுப்பி, அந்த அறைக்குள்ளேயே உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார்கள். நாலாவது தடவை மேசையைப் பிடித்துக்கொண்டான். நான் எழுந்து பிடிக்கப் போனேன். "நீங்க ஒக்காருங்க" என்றார்கள்.

"சாப்பாடு ஒரு பக்கம். அது போக, இவன் ஒடம்பு அசையவே இல்லீங்கம்மா. வேன், பெஞ்சு, டியூசன், கட்டில். சதைன்னு ஒண்ணு வேல செஞ்சாத்தான் அது சக்கரையத் திங்கும். இவனுக்கு வேல செய்யற சதையே இல்ல. இந்த வயசுல வர்றது பெரியவங்களுக்கு வர்றத விட வேகமா முத்திரும். முப்பது வயசுல கண்ணு, கிட்னின்னு வந்து நிக்கறாங்க. நான் பாத்துட்டிருக்கேன்."

மாத்திரை எழுதினார்கள். மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதியை இவன்தான் செய்ய வேண்டும் என்றார்கள். தினமும் ஒரு மணி நேரம் வேர்த்து ஊற்ற வேண்டும். ஓடலாம், சைக்கிள் ஓட்டலாம், பந்தடிக்கலாம், எதுவானாலும் சரி. மூன்று மாதம். இறங்காவிட்டால் ஊசி.

வெளியே வரும்போது டாக்டரம்மா என் கழுத்தையும் பார்த்தார்கள். "நீங்களும் ஒருக்கா ரத்தம் குடுத்துருங்களே" என்றார்கள். எனக்கு அது தாலிக்கொடி உரசின கறுப்பு, கல்யாணத்திலிருந்தே இருக்கிறது என்று சொன்னேன்.

எங்களோடு வந்திருந்த இவர் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தார். பெருந்துறை நெருங்கும்போது, "கடைய வேற யாருக்காச்சும் உட்டறலாமா பரிமளா" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடை என்ன செய்தது. கடை வருமானத்தில்தானே அவன் பிறந்த அன்றிலிருந்து எல்லாம் நடக்கிறது. பின்சீட்டில் தர்னிஷ் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஜூலை 27, ஞாயிறு

அவன் கழுத்துக் காயத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். விரல் படும்போதெல்லாம் தோளைச் சுருக்கிக்கொண்டான். இனி தேய்க்க மாட்டேன் சாமி என்றேன். சரி என்றான், ஆனாலும் சுருக்கிக்கொண்டுதான் இருந்தான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒரு வாரம் யோசித்துப் பார்த்ததில் விடியற்காலை ஒன்றுதான் மிச்சம். ஏழே காலுக்கு வேன். ஐந்து மணிக்கு வந்தால் ஐந்தரைக்கு டியூசன், திரும்பும்போது எட்டரை. விடியற்காலையில் இவர் அடுப்படியை விட்டு நகர முடியாது, நான் கல்லாவை விட்டு நகர முடியாது. மில்லுக்குப் போகிற கூட்டம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்தில்தான் டீக்கும் பன்னுக்கும் வந்து நிற்கும். அதனால் அவனைத் தனியாக அரசுப் பள்ளி கிரவுண்டுக்கு அனுப்பினேன். அங்கே நிறையப் பேர் நடக்கிறார்கள். புது ஷூ, புது டீ-ஷர்ட்.

போய்விட்டு வந்து சிரித்தான். எப்படி இருந்தது என்றதற்கு "நல்லாருந்துச்சு" என்றான். எனக்குத் தெம்பு வந்துவிட்டது. டியூசன் போகும்போதுதான் முழங்கை சிராய்த்திருந்ததைப் பார்த்தேன். படியில் உரசிக்கொண்டானாம்.

ஆகஸ்ட் 13, புதன்

ஒரு நாள் தவறவில்லை. நான் எழுப்பக்கூட வேண்டியதில்லை. திரும்பி வரும்போது பார்த்தால் நெற்றியில் வைத்த திருநீறு கலையாமல் இருக்கிறது. மற்ற பையன்கள் விளையாடிவிட்டு வந்தால் பக்கத்தில் நிற்க முடியாது. இவனுக்கு வேர்க்காத உடம்பு.

ஆகஸ்ட் 23, சனி

பிரின்சிபாலைப் பார்த்து, பையனுக்கு இப்படி, பள்ளியிலேயே தினம் கொஞ்ச நேரம் விளையாட விட்டால் உதவியாக இருக்கும் என்று கேட்டேன். நன்றாகத்தான் பேசினார். "மார்ச் வரைக்கும் பொறுத்துக்குங்க மேடம். ரிசல்ட் வந்துட்டா ஏப்ரல்ல எவ்வளவு வேணா ஓடட்டும். இவன் ஒருத்தனுக்கு விட்டா எல்லாப் பேரண்ட்சும் எதுக்கு பீரியட வேஸ்ட் பண்றீங்கன்னு வந்து நிப்பாங்க." உண்மைதான். ஜூன் மாதம் வேறு யாராவது இப்படிக் கேட்டிருந்தால் நானே முதலில் போய் நின்றிருப்பேன்.

செப்டம்பர் 11, வியாழன்

கோயிலுக்குப் போனபோது ஒரு செருப்பு எங்கேயோ கழன்றிருக்கிறது. ஒற்றைச் செருப்போடு கடை வரைக்கும் வந்திருக்கிறேன், கால் சுட்டதுகூடத் தெரியவில்லை. இவர்தான் பார்த்துச் சொன்னார். அத்தனை யோசனை மண்டைக்குள்.

செப்டம்பர் 20, சனி

தர்னிஷின் ஷூவைக் கழுவலாம் என்று எடுத்தேன். கழுவவே தேவையில்லை. வாங்கின அன்று இருந்த மாதிரி அடிப்பாகம் வெள்ளையாக இருக்கிறது. எதையும் பத்திரமாக வைத்துக்கொள்கிற பிள்ளை. சின்னதிலிருந்தே அப்படித்தான்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. நான்கு நாளாகப் பெட்டி மடித்து மடித்து விரலெல்லாம் நெய். தர்னிஷும் உட்கார்ந்து மடித்துக் கொடுத்தான், கடைக்கு இவ்வளவு உதவி செய்ததில்லை. வீடு முழுக்க மைசூர்பாகு வாசனை, பிள்ளை கோதுமைத் தோசையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறது. நல்ல நாள் அதுவுமாக என்று ஒரு துண்டு வாயில் ஊட்டிவிட்டேன். தினமும்தான் நடக்கிறானே.

அக்டோபர் 25, சனி

மூன்று மாதச் சர்க்கரை ஏறியிருக்கிறது.

டாக்டரம்மா ரிப்போர்ட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "நடந்தியா தம்பி?" என்றார்கள். நான்தான் முந்திக்கொண்டேன். ஒரு நாள் விடாமல் போறானுங்க மேடம், மழை பெஞ்ச நாள்கூடப் போனானுங்க, வேணுன்னா எங்கூட்டுக்காரரக் கேளுங்க என்று பேசிக்கொண்டே போனேன். இவரும் தலையை ஆட்டினார்.

"நான் நடக்கலீங்க மேடம்" என்றான் தர்னிஷ்.

எனக்குக் காது அடைத்துவிட்டது.

"அப்பறம் எங்க போவ?" என்றார்கள் டாக்டரம்மா.

"கிரவுண்டு வரைக்கும் போவனுங்க. தண்ணி டேங்குக்குப் பின்னால ஒக்காந்திருந்துட்டு வந்துருவனுங்க."

"தெனமுமா?"

"மொத நாள் மட்டும் ஓடுனனுங்க."

நான் அவனை அடித்திருப்பேன். கை மேலே போய்விட்டது. டாக்டரம்மா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊசி எப்படிப் போடுவது என்று நர்ஸ் காட்டினார், என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். அவனாகவே வந்து போனைக் கையில் கொடுத்தான். அவன் வகுப்பு குரூப்பில் ஆகஸ்ட் நாலாம் தேதி யாரோ போட்ட வீடியோ.

அதில் என் பையன் ஓடுகிறான். ஓடுகிறான் என்று சொன்னால்தான் தெரியும். சுவர்மேல் உட்கார்ந்திருக்கிற பையன்கள் சிரிக்கிற சத்தம். பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தத்தைச் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் கால் பின்னிக் கீழே விழுகிறான். முழங்கையை ஊன்றி எழுந்திருக்க முடியாமல் ஒருபக்கமாகப் புரண்டு எழுகிறான். எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். அவனும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறான். அன்று வீட்டுக்கு வந்து என்னிடம் சிரித்த அதே சிரிப்பு.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே சாமி."

"சொன்னா நீ போக வேண்டாம்னுருவ. அப்புறம் டாக்டர் உன்னையத் திட்டுவாங்க."

"அதுக்குத் தெனமும் போயி ஒக்காந்துட்டு வருவியா?"

"நான் போனா நீ சந்தோசமா இருந்தியேம்மா."

போனை அணைத்து அவன் கையில் கொடுத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

முதல் ஊசி. வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் குத்த வேண்டும். பிடித்தேன். நான் ஊட்டி ஊட்டி வளர்த்த வயிறு. ஊசி கை நழுவிக் கீழே விழுந்தது. இவர் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். தர்னிஷ் இன்னொன்றை எடுத்துத் தானே குத்திக்கொண்டான்.

"வலிக்கலம்மா" என்றான்.

நவம்பர் 9, ஞாயிறு

வசந்தாமணி போன் செய்தார். நான் அன்றைக்கே சொன்னேன் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "நீ சாப்பிட்டியா பரிமளா" என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டு அழுதேன்.

எனக்கு ஒன்றுமே பிடிக்கவில்லை. காலையில் பன் வாசனை வந்தாலே முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறேன். கடைக்கு வருகிற அம்மாக்கள் கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிரீம் பன் கேட்கிறார்கள். நாலு வயது, ஐந்து வயது, இறங்கி நடக்கிற பிள்ளைகள். இறக்கிவிடுங்கள் என்று சொல்ல வாய் வருகிறது. சொல்லாமல் பன்னை மடித்துக் கொடுக்கிறேன். முப்பது வயதில் கண், கிட்னி என்று அந்த டாக்டரம்மா சொன்னது காதிலேயே நிற்கிறது. அப்போது எனக்கு ஐம்பத்தைந்து. அவனை யார் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள்.

எனக்கும் ரத்தம் கொடுக்கச் சொல்லி டாக்டரம்மா போன வாரம் மறுபடி சொன்னார்கள். அவன் பரீட்சை முடியட்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

கல்லாவில் இவரை உட்காரச் சொல்லிவிட்டு நான் அவனோடு கிளம்பினேன். அடுப்படியைக் கடைப் பையன்கள் பார்த்துக்கொள்ளட்டும், பன் கருகினால் கருகட்டும். இதை ஆகஸ்டில் செய்திருக்கலாம். மில் கூட்டம் வேறு கடைக்குப் போயிருக்கும், அவ்வளவுதானே நடந்திருக்கும்.

ராத்திரி மழை பெய்திருந்ததால் கிரவுண்டில் ஒருவரும் இல்லை. சுவர்மேலும் ஆள் இல்லை. எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

"இப்ப ஓடு சாமி. யாருமில்ல. முடிஞ்ச வரைக்கும் ஓடு."

அவன் ஓட்டக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். பிறகு திரும்பி என்னைக் கேட்டான்.

"ம்மா, ஓடறப்ப கைய எங்க வெச்சுக்கணும்?"

கேலி பேசுகிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டான். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிவைத்துப் பார்த்தான். முன்னால் நீட்டிப் பார்த்தான். வீடியோவில் அவன் கை என்ன செய்தது என்பதைத்தான் எல்லோரும் அதிகமாகக் கேலி செய்தார்களாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு வயதில் தானாக வந்துவிடுகிற விஷயம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. என் பிள்ளை பதினைந்து வயதில் நின்று அதைப் பாடம் கேட்பது போல் கேட்கிறான்.

"மடக்கி வெச்சுக்கோ" என்றேன்.

"எப்படி?"

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நான் கடைசியாக ஓடியது எப்போது என்று யோசித்தேன், ஞாபகம் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இங்க பாரு" என்று ஓடிக் காட்டினேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்பேன். அன்று செருப்பு கழன்றது தெரியாத மாதிரியே, கால் தரையில் படுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அப்படியே முன்னால் விழுந்தேன்.

"அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு அவன் ஓடிவந்தான். நிமிர்ந்து பார்த்தேன், ஓடித்தான் வந்தான். கையைப் பற்றிய நினைப்பே இல்லாமல், வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அவனால் முடிந்த வேகம் முழுக்கப் போட்டு வந்தான். ஆனாலும் அவன் என்னிடம் வந்து சேர்வதற்குள் நானே எழுந்து, சேலையில் ஒட்டின சேற்றைத் தட்டிவிட்டு, நின்றுகொண்டிருந்தேன்.